மருந்தகங்களில் போதைநோயர் மீதான இழிவுநோக்கு

போதைப்பொருள் பயன்பாட்டுக் கோளாறுக்குச் சிகிச்சை பெறுபவர் மருந்துச் சீட்டுடன் வரும்போது அவரைச் சந்தேகிப்பது, வேண்டுமென்றே காக்கவைப்பது, மருந்தை இருப்பில் வைத்துக்கொண்டே இல்லை என்று சொல்லி அனுப்புவது ஆகிய நடத்தைகளும், அவற்றுக்கு இடம்கொடுக்கும் விதிமுறைகளும் இத்தலைப்பில் அடங்கும். இச்சிக்கல் விரிவாக ஆராயப்பட்ட நாடு அமெரிக்கா. 2021 முதல் 2023 வரை அங்கே ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மிகை போதையால் இறந்தனர்.

ஹெராயின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டுகளுக்கு அடிமையானவர்களுக்கு மெத்தடோன், புப்ரெனார்ஃபின் என்ற இரு மருந்துகளும் உயிர்காப்பவை. இவற்றைத் தொடர்ந்து உட்கொள்வோரிடையே இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. அமெரிக்காவில் இந்நோய்க்கான மெத்தடோன் தனிச் சிகிச்சை மையங்களில்தான் கிடைக்கும். 2002-இல் ஒப்புதல் பெற்ற புப்ரெனார்ஃபினைச் சாதாரண மருந்துக்கடையிலேயே வாங்கலாம். எனவே நோயாளியின் சிகிச்சை தொடர்வதும் அறுபடுவதும் பெரும்பாலும் கடை முகப்பில் முடிவாகிறது. சில நாள் மருந்து கிடைக்காவிட்டாலும் உடல் தாங்காமல் பழைய போதைக்குத் திரும்பும் ஆபத்து உண்டு. இடைவெளிக்குப் பின் எடுக்கும் பழைய அளவு உயிரையே பறிக்கலாம்.

2021-இல் வெளியான ஓர் ஆய்வில் 11 மாநிலங்களில் 921 மருந்தகங்களை ஆய்வாளர்கள் நோயாளிபோல் தொலைபேசியில் அழைத்துக் கேட்டனர். ஐந்தில் ஒரு மருந்தகம் புப்ரெனார்ஃபின் தர மறுத்தது.

இதை மருந்தாளுநரின் மனக்கோணல் என்று மட்டும் பார்ப்பது பிழை. மருந்துச் சீட்டு உண்மையான மருத்துவத் தேவைக்கானதா என்று உறுதிசெய்யும் பொறுப்பை அமெரிக்கச் சட்டம் மருத்துவரோடு மருந்தாளுநர்மீதும் சுமத்துகிறது. தொலைவிலிருந்து வருவது, காப்பீடின்றிக் கையில் பணம் கொடுப்பது போன்றவை எச்சரிக்கை அடையாளங்களாகக் கற்பிக்கப்படுகின்றன. அருகில் மருத்துவரோ கையில் காப்பீடோ இல்லாத நோயாளிக்கு வேறு வழியே கிடையாது. அவருடைய வறுமையே குற்றத்தின் தடயமாகிவிடுகிறது. போதாக்குறைக்கு, ஓபியாய்டு வலிநிவாரணிகள் அளவின்றிப் புழங்கியது தொடர்பான வழக்குகளில் பெரும் இழப்பீடு தர ஒப்புக்கொண்ட மொத்த விற்பனையாளர்கள் புப்ரெனார்ஃபின் உள்ளிட்ட கட்டுப்பாட்டு மருந்துகளின் கொள்முதலைக் கண்காணித்து, வரம்பு மீறும் ஆர்டர்களை நிறுத்துகின்றனர். வரம்பைத் தொடும் அச்சத்தில் கடைக்காரர் புதிய நோயாளிகளைத் தவிர்க்கிறார். வலிநிவாரணி மாத்திரைகள் அளவின்றிப் புழங்கியதற்கு விழுந்த தண்டனை, அப்பழக்கத்திலிருந்து மீட்கும் மருந்தின்மீதும் விழுந்தது பெரும் அநீதி.

பிரிட்டனில் நிலை வேறு. அங்கே அக்கம்பக்கத்து மருந்தகங்களே மெத்தடோன் வழங்குகின்றன; பலர் மருந்தாளுநர் முன்னிலையில் அதை அருந்த வேண்டும். பிற வாடிக்கையாளர் கண்ணெதிரே அருந்தச் சொல்வது அவமானமாகும் என்பதால் தனியறையில் கொடுப்பது நன்முறையாகக் கருதப்படுகிறது. நாள்தோறும் பெயர்சொல்லி வரவேற்கும் மருந்தாளுநரே சிலருக்கு அடிக்கடி சந்திக்கும் ஒரே நலத்துறையாளர்.

அமெரிக்காவில் சட்டம் சற்று இளகியுள்ளது. சிகிச்சை மருந்து எடுப்பவரைப் பாகுபடுத்துவது மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டத்துக்கு முரணானது என்று மத்திய அரசின் நீதித்துறை 2022 ஏப்ரலில் தெளிவுபடுத்தியது. புப்ரெனார்ஃபின் எழுத மருத்துவர்கள் பெறவேண்டியிருந்த தனி அனுமதி அதே ஆண்டு டிசம்பரில் ஒழிந்தது. மிகை போதையை முறிக்கும் நலாக்சோன் மூக்குத்தெளிப்பானைச் சீட்டின்றி விற்க 2023 மார்ச்சில் ஒப்புதல் கிடைத்தது. மருந்தாளுநர் பயிற்சியில், குணமடைந்து வருபவர்களே நேரில் பேசும் வகுப்புகள் பயனுள்ளவை. ஆனால் புப்ரெனார்ஃபினைக் கொள்முதல் வரம்புகளிலிருந்து விலக்காதவரை எந்தப் பயிற்சியும் பாதி வேலையே செய்யும்.