சுங்கச் சாவடி வரிசையில் லாரியும் பேருந்தும்

பொருள்நோக்கு நிரலாக்கத்தைக் கற்பிக்கும் பாடநூல்கள் பெரும்பாலும் விலங்குகளைக் கொண்டே தொடங்குகின்றன. விலங்கு ஒரு வகுப்பு. நாயும் பூனையும் அதன் உள்வகுப்புகள். உலகை வகைப்படுத்தும் கருவியாக மரபுரிமை அறிமுகமாகிறது. வெவ்வேறு வகுப்புப் பொருள்களை ஒரே கொள்கலனில் இடுவதோ இயலின் இறுதியில் ஒரு பயிற்சி வினாவாகச் சுருங்கிவிடுகிறது. வரலாறு ஏறத்தாழ நேர்மாறானது.

ஆஸ்லோவிலுள்ள நார்வே கணிப்பு மையத்தில் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்டு இருவரும் 1960களில் சிமுலா என்னும் மொழியை உருவாக்கினர். வரிசைகளும் காத்திருப்புகளும் நிறைந்த மெய்யுலக அமைப்புகளைக் கணினியில் போலச்செய்து ஆராய்வதே அதன் நோக்கம். யூனிவாக் 1107 கணினியில் இயங்கிய முதல் சிமுலாவின் பயன்பாட்டில் ஒரு குறை தென்பட்டது. போலச்செய்யப்படும் கூறுகள் பலவும் பெரும்பகுதி ஒத்தும் சிறுபகுதி வேறுபட்டும் இருந்தன. ஆயினும் ஒவ்வொன்றையும் தனித்தனியே முழுமையாக எழுத வேண்டியிருந்தது.

இதற்கு ஒரு வழியை டோனி ஹோர் 1965-இல் முன்வைத்திருந்தார். பதிவு வகுப்புகளுக்கு உள்வகுப்புகள் உண்டு; ஒரே சுட்டி அவற்றுள் எதனையும் சுட்டலாம். 1966-இல் பிரான்சின் வில்லார்-த-லான் நகரில் நடந்த கோடைப்பள்ளியில் அவர் இதனை விரித்துரைத்தார். நார்வேயர் இருவரையும் இக்கருத்து ஈர்த்தது. ஆனால் உள்வகுப்புகள் அனைத்தையும் ஒரே அறிவிப்புக்குள் முன்கூட்டியே பட்டியலிட வேண்டும் என்பது அதன் வரம்பு. வரிசை என்னும் பொதுக் கருவியை ஒருவர் எழுதிவைக்க, அதில் எதை நிறுத்துவது என்பதைப் பின்வரும் இன்னொருவர் முடிவுசெய்ய அதில் இடமில்லை.

அடுத்து வந்த குளிர்காலத்தில் அவர்கள் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு ஒரு பாலமும் அதன் சுங்கச் சாவடியும். வரிசையில் லாரியும் நிற்கும், பேருந்தும் நிற்கும். வரிசையைக் கோப்பதற்குத் தேவைப்படுவன முன்னிருப்பதையும் பின்னிருப்பதையும் காட்டும் இரு சுட்டிகள் மட்டுமே; சரக்கின் எடையோ பயணிகளின் எண்ணிக்கையோ அதற்குப் பொருட்டன்று. எனவே ஒவ்வொரு பொருளையும் ஈரடுக்காகக் கொள்ளலாம் என்று கண்டனர்: முன்னடுக்கில் கோக்கும் சுட்டிகள், பின்னடுக்கில் லாரிக்கோ பேருந்துக்கோ உரிய பண்புகள். முன்னடுக்கை அவர்கள் முன்னொட்டு என்றே அழைத்தனர். இலக்கணத்திலிருந்து வந்த அச்சொல் வெறும் உவமை அன்று. சிமுலா 67-இல் ‘லிங்க் கிளாஸ் டிரக்’ என்று தாய்வகுப்பின் பெயர் உண்மையிலேயே முன்னே நின்றது. மரபுரிமை என்னும் பெயர் பின்னாளில் வந்தது; அதனோடு வந்த தாய்-சேய் உருவகம், தொடக்கத்தில் இது ஒட்டுவேலையாக இருந்ததை மறைத்துவிட்டது எனலாம்.

வரிசையில் சேர்ப்பது எளிதாயிற்று. எடுக்கும்போதோ, வெளிவருவது லாரியா பேருந்தா என்று கம்பைலருக்குத் தெரியாது. அது ஒரு ‘லிங்க்’ என்பது மட்டுமே தெரியும். பொருளின் வகுப்பை இயக்கநேரத்தில் ஆராய்ந்து கிளைபிரியும் ‘இன்ஸ்பெக்ட்’ கூற்று இதற்கு ஒரு விடை. வகுப்பைக் கேளாமலே அததற்குரிய செயலை நிகழ்த்தும் ‘விர்ச்சுவல்’ செயல்முறை மற்றொரு விடை. 1967-இல் மொழியின் வரையறை முடிவுறும் தறுவாயில்தான் அது இடம்பெற்றது.

கேம்பிரிட்ஜில் முனைவர் ஆய்வின்போது சிமுலாவைப் பயன்படுத்திய பியார்னே ஸ்ட்ராஸ்ட்ரப், பின்னர்ப் பெல் ஆய்வகத்தில் அதன் வகுப்புகளைச் சி மொழிக்குள் கொணர்ந்தார். சிமுலாவில் பொருள்கள் சுட்டிகள் வழியே மட்டும் கையாளப்பட்டன. சி++ பொருளையே நேரடியாகக் கொள்கலனில் வைக்க இசைந்தது. ‘விலங்கு’ அளவில் வெட்டிய அறைக்குள் ‘நாய்’ நகலெடுக்கப்படும்போது, நாய்க்கே உரிய பகுதி துண்டிக்கப்படுகிறது. கம்பைலர் பிழை காட்டுவதில்லை. குரைக்க வேண்டியது பொதுவிலங்காக ஒலிக்கிறது. நாய் ஒரு விலங்கு என்ற வகைப்பாட்டை மட்டும் பயின்ற மாணவர் இங்குத் திகைப்பது இயல்பே. முன்னொட்டை அறிந்தவர்க்கோ, முன்னடுக்கு மட்டும் நகலாயிற்று என்பது உடனே விளங்கும்.

ஜாவாவின் தொடக்ககாலக் கொள்கலன்கள் அனைத்தையும் ‘ஆப்ஜெக்ட்’ என ஏற்றன. எடுப்பவரே வகுப்பை நினைவிற்கொண்டு மாற்ற வேண்டும், தவறினால் நிரல் இயங்கும்போது முறியும். 2004-இல் வந்த ஜெனரிக்ஸ் இந்த இடரைப் பெரிதும் நீக்கியது. ஆயினும் லாரியும் பேருந்தும் கலந்த வரிசைக்கு ஒரு பொதுத் தாய்வகுப்பு அப்போதும் தேவைப்பட்டது. சி++ 2017-இல் ‘வேரியன்ட்’ என்னும் வகையைச் சேர்த்துக்கொண்டது. அதில் இடம்பெறக்கூடிய வகைகள் அனைத்தையும் முன்கூட்டியே பட்டியலிட வேண்டும். பொதுத் தாய்வகுப்பு வேண்டியதில்லை. ஆஸ்லோவில் போதாது எனக் கடந்து செல்லப்பட்ட ஹோரின் மூடிய பட்டியல், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், எதுவும் விடுபடவில்லை எனக் கம்பைலரே சரிபார்க்க இயலும் என்ற காரணத்தால் வரவேற்கப்பட்டது.