கூரையும் காற்றும்: மாமல்லபுரக் கடலோரத்தின் புயல் இரவுகள்

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையிலான கடலோரத்திலும், அதன் மேற்கே ஏரிகள் நிறைந்த செங்கல்பட்டுச் சமவெளியிலும், வடகிழக்குப் பருவமழைக்குரிய ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் புயலுக்கும் உரியவை. புயலடிக்கும் இரவில் ஒரு குடும்பம் தன் வீட்டிலேயே தங்கலாமா, வெளியேற வேண்டுமா என்பதை எக்காலத்திலும் முடிவு செய்தது அவ்வீட்டின் கூரையே ஆதலால், இப்பகுதியின் புயல் வரலாற்றைக் கூரையின் வரலாறாகவும் படிக்க இயலும்.

பனையோலையோ தென்னங்கீற்றோ வேய்ந்த மீனவர் குடிசையில், சுவருக்கு வெளியே நீண்டிருக்கும் கூரை விளிம்பாகிய இறவாரம், உள்ளே நுழைபவர் குனிந்தே செல்ல வேண்டிய அளவுக்குத் தாழ்ந்திருந்தது. அதனால் காற்று சுவரில் நேராக மோதாமல் கூரைச் சரிவின்மேல் ஏறிக் கடந்தது. வானம் கறுத்ததும் கட்டுமரங்களை மணல்மேட்டுக்கு இழுத்து ஏற்றுவதும், பழைய வலையைக் கூரைமேல் விரித்து அதன் ஓரங்களை முளைகளில் இறுகக் கட்டுவதும் வீட்டாரின் முன்னேற்பாடுகளாக இருந்தன. அதையும் மீறிக் கூரை பறந்தால், இழப்பு பெரிதாயினும், ஓலையும் கழியும் கயிறும் ஊரிலேயே கிடைத்தமையால் அதை மீண்டும் வேய்ந்துகொள்ள முடிந்தது. பின்னாளில் ஓலையின் இடத்தைப் பிடித்த தகரமும் கல்நார் ஓடும் மழையை நன்கு தடுத்தன என்றாலும், காற்றில் பெயர்ந்தால் அவையே ஆளை வெட்டும் பொருள்களாயின.

உள்நாட்டு ஊர்களில் காற்றைவிட நீரே பேரச்சம் தந்தது. ஆர்க்காட்டு நவாபு 1763இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளித்த, ‘ஜாகீர்’ எனப்பட்ட இந்நிலப்பகுதிக்கு 1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்த லயனல் பிளேசு ஏரிகளைச் செப்பனிடுவதில் முனைந்தவர். பெருமழை இரவொன்றில் உடையவிருந்த மதுராந்தகம் ஏரிக்கரையை இராமர் காத்ததை அவரே கண்டார் என்னும் வழக்கு, அவ்வூர்ப் பெருமாளுக்கு ‘ஏரி காத்த இராமர்’ என்ற பெயராக நிலைத்துள்ளது. கரை உடைந்தால் வீடும் விளைநிலமும் ஒன்றாகப் போகும் என்ற அச்சத்தை இக்கதை சுமந்து நிற்கிறது.

புயலின் வரவை அறிவிக்கும் முறை துறைமுகத்திலிருந்து வீட்டை நோக்கி மெல்ல நகர்ந்தது. துறைமுகக் கம்பத்தில் ஏற்றப்படும் கூம்பு, உருளை வடிவக் குறிகளே ‘புயல் கூண்டு’ எனப்படுகின்றன. பதினொன்று வரை எண்ணிடப்பட்ட இவற்றுள் கடைசி எண், எச்சரிக்கை மையத்துடனான தொடர்பே அற்றுவிட்டதைக் குறிக்கும். மாலுமிகளுக்காக ஏற்பட்ட இக்குறிகளின் எண்ணை வானொலி வீடுதோறும் கொண்டு சேர்த்தது. வடஇந்தியப் பெருங்கடல் புயல்களுக்குப் பெயரிடும் வழக்கம் 2004இல் தொடங்கியபின், எண்ணைவிடப் பெயரே மக்கள் நினைவில் தங்கியது.

2012 அக்டோபர் 31 மாலையில் ‘நீலம்’ மாமல்லபுரத்தருகே கரையைக் கடந்தது. 2016 டிசம்பர் 12 அன்று சென்னையருகே கடந்த ‘வர்தா’, புயலின் ‘கண்’ எனப்படும் அமைதியான நடுப்பகுதியின் இயல்பைப் பலருக்கு நேரிலேயே உணர்த்தியது: வடக்கிலிருந்து வீசிய காற்று திடீரென ஓய்ந்து, சற்று நேரம் கழித்து எதிர்த்திசையிலிருந்து சீறியபோது, முதற்காற்றில் வேர் தளர்ந்து நின்ற மரங்களும் சாய்ந்தன, வண்டலூர் உயிரியல் பூங்காவில் மட்டும் ஆயிரக்கணக்கானவை வீழ்ந்தன. 2022 டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி, மணிக்கு 65 முதல் 75 கிலோமீட்டர் வேகக் காற்றுடன் ‘மாண்டஸ்’ மீண்டும் மாமல்லபுரத்தருகிலேயே கரையேறியது.

குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்ற 2010இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டமும், 2030க்குள் குடிசையில்லாத் தமிழ்நாட்டை உருவாக்க 2024இல் கலைஞரின் கனவு இல்லம் திட்டமும் தொடங்கப்பட்டன. கான்கிரீட் கூரையின்கீழ் உள்ள குடும்பம் மின்சாரம் போன இருளில், கைபேசியின் மின்னேற்றத்தைச் சிக்கனம் செய்தபடி, வாசற்படியில் நீர் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருக்கிறது. ஓலைக்கூரைக் குடும்பமோ குடும்ப அட்டையையும் மாற்றுடையையும் பையிலிட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கோ புயல் பாதுகாப்பு மையத்துக்கோ செல்கிறது. முன்பு தெரு முழுவதும் ஒரே வகைக் கூரையின்கீழ் கழித்த புயல் இரவை, இன்று ஒரே தெருவார் இருவேறு இடங்களில் கழிக்கின்றனர்.