பெயரன் வழியே பாட்டன்: கோலார் தங்கவயல் விபத்து மரணங்களைத் தேடும் முறை குறித்து

வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போன குடும்பங்கள் பல. அப்படி ஒரு குடும்பத்தின் பேத்திக்குத் தன் பாட்டனைப் பற்றித் தெரிந்தது இவ்வளவுதான் என்று வைத்துக்கொள்வோம்: ‘ஏர் பிளாஸ்ட்’டில் போனார், அப்போது அப்பா கைக்குழந்தை, ஆடி மாதத் தேய்பிறைப் பஞ்சமியில் படையல் போடுவார்கள். பெயர் ஏழுமலை. ஆண்டு தெரியாது. இதை வைத்து ஒரு மனிதரின் மரணத்தை ஆவணத்தில் கண்டுபிடிக்க முடியுமா? முடியும் என்பதே என் வாதம். ஆனால் மேலைநாட்டு வம்சாவளி நூல்கள் கற்பிக்கும் வரிசையை நாம் தலைகீழாக்க வேண்டும்.

அந்த வரிசை குடும்பப்பெயரிலிருந்து தொடங்குகிறது. வேல்ஸ் நாட்டின் செங்கனித் நிலக்கரிச் சுரங்கத்தில் 1913 அக்டோபர் 14 அன்று நடந்த வெடிப்பில் 439 தொழிலாளர்களும் மீட்புக்குப் போன ஒருவரும் இறந்தனர். அவர்களுடைய பெயர், வயது, முகவரி எல்லாம் பட்டியலாகக் கிடைக்கின்றன. ஜோன்ஸ், இவான்ஸ் என்று ஒரே பெயர் பலருக்கு இருந்தாலும் தெருவையும் வீட்டு எண்ணையும் வைத்துப் பிரித்தறியலாம். தங்கவயலில் அப்படியில்லை. ஏழுமலைக்குக் குடும்பப்பெயரே கிடையாது. ஆங்கில எழுத்தில் அவர் பெயர் எழுத்தரின் காதுக்கு ஏற்றபடி மாறும். மேஸ்திரியின் கீழ் ஒப்பந்தக் கூலியாக இறங்கியவரென்றால், பதிவேட்டில் அவர் ஓர் எண்ணாகவே இருந்திருக்கலாம். தொழிலாளியை அடையாளம் காண நிர்வாகம் நம்பியது பெயரை அல்ல, ரேகையை. கட்டாயக் கைரேகைப் பதிவை எதிர்த்து 1930இல் தங்கவயல் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெயர் அகரவரிசையில் தேடுபவர் வெறுங்கையோடு திரும்புவதில் வியப்பில்லை.

தேடலின் இடமும் தவறிவிடுகிறது. பிரிட்டிஷ் இந்தியாவின் சுரங்கச் சட்டங்கள் தங்கவயல் இருந்த மைசூர் சமஸ்தானத்துக்குப் பொருந்தவில்லை. ஆகவே தன்பாத்திலிருந்த தலைமைச் சுரங்க ஆய்வாளரின் பழைய அறிக்கைகளில் தங்கவயல் மரணங்களைத் தேடுவது வீண் உழைப்பு. மைசூர் அரசின் ஆவணங்கள் பெங்களூரிலும், 1880 முதல் சுரங்கங்களை நடத்திய ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் தடங்கள் லண்டனிலும் தேடப்பட வேண்டியவை. நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் வந்தது 1952இல்தான்.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது? விபத்தின் நாளிலிருந்து. தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்கும் குவார்ட்ஸ் படிவத்தை வெட்டி எடுக்க எடுக்க, அது தாங்கியிருந்த பாரம் சுற்றியுள்ள பாறைமேல் ஏறும். இறுகிக்கிடந்த பாறை தாளாமல் ஒரு கணத்தில் வெடித்துச் சிதறும். இதைத்தான் தொழிலாளர்கள் ஏர் பிளாஸ்ட் என்றார்கள். பெரிய வெடிப்பென்றால் மேலே தொழிலாளர்களின் லைன் வீடுகளும் குலுங்கும். கீழே யார் என்று தெரியாமலே பெண்கள் சாஃப்ட்டை நோக்கி ஓடுவார்கள். ஒரு வீட்டின் இழவு அன்று ஊர் முழுதும் உணர்ந்த அதிர்வாகவும் இருந்தது. அதனால்தான் பெயர் பதிவாகாத இடத்திலும் நாள் பதிவாகியிருக்கும்.

இங்கேதான் படையல் பெரும் சான்றாகிறது. குடும்பங்கள் ஆண்டை மறக்கின்றன, திதியை மறப்பதில்லை. திதி ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் பின்னோக்கி நகர்ந்து, 19 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே சூரியத் தேதியை ஒட்டித் திரும்பும். ஆடித் தேய்பிறைப் பஞ்சமி ஒவ்வோர் ஆண்டும் எந்த ஆங்கிலத் தேதியில் வந்தது என்று பழைய பஞ்சாங்கங்களிலிருந்து எடுத்து, பெரிய வெடிப்புகளின் தேதிகளோடு ஒப்பிட்டால் மிகச் சில ஆண்டுகளே எஞ்சும். கிழமையோ, ‘பிரமோதூத வருஷம்’ என்பது போன்ற ஒரு சொல்லோ சேர்ந்தால் பெரும்பாலும் ஒன்றே மிஞ்சும். பிரமோதூத என்றால் இருபதாம் நூற்றாண்டில் 1930-31 அல்லது 1990-91. எல்லாக் குடும்பங்களும் திதி பார்ப்பதில்லை என்பது உண்மை. கிறிஸ்தவக் குடும்பத்துக்கு ஆலயத்தின் அடக்கப் பதிவேடு இருக்கும். பௌத்தம் தழுவிய குடும்பத்துக்கு, 1926 முதல் பௌத்தரான அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து நடத்திய ‘தமிழன்’ இதழைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

பெயரே மறந்துபோன வீடுகளிலும் ஒரு வழி உண்டு. பேரன் என்ற சொல்லின் முழு வடிவம் பெயரன். பாட்டனின் பெயரைத் தாங்குபவன். பாட்டன் இறந்த பிறகு பிறந்த முதல் ஆண் பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று பங்காளி வீடுகளில் கேட்டால், மூன்று வீடுகளில் ஒரே பெயர் வந்து நிற்கும். குடும்பப்பெயர் இல்லாத சமூகம் அதன் வேலையை உறவுமுறையிடம் ஒப்படைத்திருக்கிறது. இதை நினைவின் மிச்சம் என்று ஒதுக்கும் ஆய்வாளர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. விபத்து அறிக்கையும் ஒரு தரப்பின் சாட்சியம்தான். இறந்தவரின் கவனக்குறைவு என்று அது சொன்னால், அதைச் சொன்னவருக்கு இழப்பீட்டில் என்ன அக்கறை இருந்தது என்று கேட்டே படிக்க வேண்டும்.

இன்னொன்று. தேதிகள் எதோடும் பொருந்தாமல் போனால், பாட்டி சொன்னது பொய் என்று முடிவுகட்டக் கூடாது. ‘சுரங்கத்தில் செத்தார்’ என்ற வாக்கியம் இருமிச் செத்தவரையும் குறிக்கும். பாறைத்தூள் நுரையீரலில் படிந்து உண்டாகும் சிலிக்கோசிஸ் எந்த விபத்துப் பட்டியலிலும் ஏறாது. காசநோயோடு அது எளிதில் குழப்பப்படும். அந்த ஏழுமலையை ஏர் பிளாஸ்ட் பட்டியலில் காணவில்லையென்றால் பேத்தி அடுத்துத் திறக்க வேண்டியது இறப்புப் பதிவேட்டை; அதில் க்ஷயம், அதாவது காசநோய், என்று எழுதிய வரிகளை.