நெல்லின் இலைக்கருகல் நோயும் பாக்டீரிய மரபணுத்தொகை ஆய்வும்: காவிரிப் படுகையை முன்வைத்து

காவிரிப் படுகையின் நெல் வரலாறு பெரும்பாலும் பாசனம், நிலவரி, நிலவுடைமை ஆகியவற்றின் வழியாகவே எழுதப்பட்டுள்ளது. பயிரோடு வாழ்ந்த நுண்ணுயிரிகள் அதில் இடம்பெற்றது அரிது. அவற்றின் வரலாற்றுக்கும் சான்றுகள் உண்டு என்பதைப் பாக்டீரியா இலைக்கருகல் நோய் காட்டுகிறது.

இலையின் நுனியிலும் ஓரங்களிலும் மஞ்சளாகத் தோன்றி, வைக்கோல் நிறமாகக் காயும் இந்நோயை 1884ஆம் ஆண்டளவில் ஜப்பானிய உழவர்கள் முதலில் கண்டனர். இதற்குக் காரணமான சாந்தோமோனாஸ் ஒரைசே, மழையாலும் பாசன நீராலும் பரவும். தழைச்சத்து மிகுந்த வயலில் கடுமையாகும். 1963இல் பீகாரில் இந்நோய் பெருமளவில் பரவியது. தஞ்சாவூரிலோ, 1960-61 முதல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் நடைபெற்றுவந்தது. 1922இல் நிறுவப்பெற்ற ஆடுதுறை ஆய்வு நிலையத்தின் ஏ.டி.டி. 27 முதலான ரகங்களும் உரமும் ஒருசேர வயலுக்கு வந்தன. விளைச்சலைப் பெருக்கிய அதே சூழல் நோய்க்கும் ஏற்றதாயிற்று.

இப்பாக்டீரியத்தின் மரபணுத்தொகையில் ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகள் உள்ளன. 2005இல் கொரிய, ஜப்பானியத் திரிபுகளும், 2008இல் பிலிப்பைன்ஸ் திரிபு ஒன்றும் முழுமையாக வாசிக்கப்பட்டன. அன்று ஒரு திரிபை வாசிப்பதே தனிப் பெருந்திட்டமாக இருந்தது. வாசிப்புச் செலவு சரிந்தபின், 2017இல் சண்டிகர், ஐதராபாத் ஆய்வாளர்கள் 100 இந்தியத் திரிபுகளை ஒருங்கே ஒப்பிட்டனர். அவை பிற ஆசியத் திரிபுகளோடு இணைந்தும், ஆப்பிரிக்கத் திரிபுகளினின்று விலகியும், தமக்குள் ஐந்து கால்வழிகளாகப் பிரிந்தும் நின்றன.

2019இல் பன்னாட்டுக் குழு ஒன்று 63 திரிபுகளின் தாக்குமரபணுக்களை ஆராய்ந்து, எதிர்ப்புத்திறன் மிக்க நெல்லை உருவாக்கியது. அதன்பின் தான்சானியாவில் பரவிய நோய்க்குரிய திரிபுகள் ஆசியத் திரிபுகளுக்கு நெருங்கியவை எனக் கண்டறியப்பட்டது. ஆசிய மரபணுத்தொகைகள் முன்பே பொதுவில் இருந்தமையால்தான் அவ்வொப்பீடு இயன்றது.

எதிர்ப்பு மரபணு எதுவும் எல்லாக் கால்வழிகளையும் தடுப்பதில்லை. ஆகவே எந்த வட்டாரத்தில் எது நிலவுகிறது என்பதே ரகத் தேர்வின் அடிப்படை. வரிசையாக்கம் மலிவானபின், அரிதாகி நிற்பது ஊரும் ஆண்டும் பருவமும் குறித்துப் பாதுகாக்கப்பட்ட மாதிரியே. குறுவை, சம்பா, தாளடி எனப் பருவந்தோறும் அவற்றைச் சேர்த்துவைக்கும் காப்பகம், படுகையின் வேளாண் வரலாற்றுக்கு ஓலைச்சுவடிக்கும் வருவாய் ஆவணத்திற்கும் நிகரான மூலமாகும்.