அம்புலிமாமாவின் மாயத் தொடர்கதைகள்

யக்ஷர், ராக்ஷசர், மாந்திரிகர் முதலிய புராண உலகத்தாரைப் பாத்திரங்களாகக் கொண்டு சிறுவர்க்கென எழுதப்பெற்ற சாகசப் புதினம், தமிழில் நூலாக வளர்ந்ததைக் காட்டிலும் மாதப் பத்திரிகைத் தொடராக வளர்ந்ததே மிகுதி. அதற்கு முன்பு வழங்கிய விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராஜன் கதையும் சிறுவர்களைக் கருதி இயற்றப்பட்டவை அல்ல.

பி. நாகிரெட்டியும் சக்ரபாணியும் 1947 ஜூலையில் தெலுங்கில் 'சந்தமாமா'வையும் தமிழில் 'அம்புலிமாமா'வையும் சென்னையில் தொடங்கினர். 1952-இல் அங்கு உதவியாசிரியராகச் சேர்ந்த தாசரி சுப்பிரமணியம், 1954 முதல் ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் தெலுங்கில் எழுதிய பன்னிரண்டு தொடர்கதைகள் தமிழிலும் பிற மொழிகளிலும் பெயர்க்கப்பட்டு, மாதந்தோறும் வீடு தேடி வந்தன. பாதாளதுர்க்கம், சிதிலாலயம், யக்ஷபர்வதம், மாயாசரோவரம் என்பன மூலத்தில் அவற்றுட் சிலவற்றின் பெயர்கள். பெரும்பாலும் இரண்டு நண்பர்களே கதையை நடத்திச் செல்வர். யக்ஷபர்வதத்தில் கட்கவர்மன் வாளை நம்புகிறான், ஜீவதத்தன் மந்திரதண்டத்தை நம்புகிறான், இருவரும் ஒருவரையொருவர் நம்புகின்றனர். புராணத்திலிருந்து பாத்திர வகைகளை மட்டும் பெற்றுக்கொண்டு, கதையைத் தாமே கட்டியது தாசரியின் தனித்திறமை. ஒவ்வோர் இதழிலும் கதை ஓர் ஆபத்தின் விளிம்பில் நின்றுவிடும். அடுத்த மாதம் வரும்வரை படிக்கும் பிள்ளைக்கு நிம்மதி இராது.

கதைக்கு உயிர் தந்தவை 'சித்ரா' என்னும் புனைபெயருடைய டி. வி. ராகவனின் சித்திரங்கள். கோரைப்பல்லும் முறுக்கிய மீசையுமாக அவர் தீட்டிய ராக்ஷசர்களைக் கண்டு அஞ்சியவாறே மீண்டும் அந்தப் பக்கத்தைப் புரட்டாத சிறுவர் அரியர். சித்திரத்தின் வழியே அற்புதத்தை அறிவது தமிழ்நாட்டுக்கு, குறிப்பாகக் குற்றாலம் இருக்கும் தென்காசிச் சீமைக்கு, புதிதன்று. குற்றாலத்துச் சித்திரசபையில், நடராஜப் பெருமானே ஓவியமாக எழுந்தருளியிருக்க, சுவர் முழுதும் புராணக் காட்சிகள் வண்ணத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. அகத்தியர் வைணவ வேடம் பூண்டு குற்றாலக் கோயிலுள் புகுந்து, திருமால் திருமேனியைத் தலையில் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாகக் குறுக்கினார் என்னும் தலவரலாற்றைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, மாந்திரிகன் ஒருவன் உருமாறுவது நம்பத் தகாததாகத் தோன்றியிருக்க நியாயமில்லை.

இவ்வளவு மாயம் சிறுவர்க்கு ஆகுமா என்ற விவாதம் அன்றே எழுந்தது. சக்ரபாணிக்கே இத்தகைய கதைகளில் பற்று இல்லையென்றும், அறுபதுகளில் இவற்றை நிறுத்திப் பங்கிம் சந்திரரின் புதினங்களை வெளியிட்டபோது விற்பனை குன்றியதால் மாயக் கதைகள் மீண்டும் வந்தன என்றும் கூறுவர். விற்பனைக் குறைவுக்கு அதுவொன்றே காரணமா என்பது ஆராய்தற்குரியது. தொடர்களில் ஆசிரியர் பெயர் அச்சிடப்படாமையால், ஓவியரை அறிந்த வாசகர் எழுதியவரை அறியாமலே வளர்ந்தனர். வேதாளத்தைச் சுமந்த விக்கிரமனைத் தீட்டிய சங்கரின் புகழ் தாசரிக்கு வாய்க்காமற் போனது வருந்தத்தக்கது. சித்ரா 1978-இலும், தாசரி 2010-இலும் காலமாயினர்.

புராண உலகத்தாரைக் கொண்டு சிறுவர்க்குச் சாகசம் புனையும் வழக்கம் பிற நாட்டிலும் இருந்தது: அதே 2010-இல் அமெரிக்க எழுத்தாளர் ரிக் ரயர்டன், ஓசிரிஸ், ஐசிஸ், ஹோரஸ் முதலிய எகிப்தியத் தெய்வங்களை இக்காலச் சிறுவர் இருவரின் வாழ்வில் புகுத்திய மூன்று புதினங்களுள் முதலாவதை வெளியிட்டார். இங்கோ அம்புலிமாமா அடுத்த சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று. எனினும் தமிழில் சிறுவர் புதினம் நின்றுவிடவில்லை: அகழாய்வுத் தலமான கீழடியைக் களமாகக் கொண்ட உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' 2023-இல் சாகித்திய அகாதெமியின் பால புரஸ்கார் விருது பெற்றது.