சிவப்புக் காற்றாலையின் வாசலில் கடலை விற்ற பெண்

கேபரே என்று சொன்னவுடன் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? எனக்கு முதலில் வருவது எழுபதுகளின் தமிழ்ப் படங்கள்தான். ஒரு ஹோட்டல், வட்ட மேஜைகள், ஓரமாக உட்கார்ந்து தங்கக் கடத்தல் பற்றிப் பேசும் வில்லன், நடுவில் இறகு வைத்த உடையில் ஆடும் பெண். ஹீரோ மாறுவேஷத்தில் வருவார். பாட்டு முடிந்ததும் சண்டை. அந்தப் பெண்ணுக்குப் பல படங்களில் ஒரு பெயர்கூட இருக்காது.

இந்த மாதிரிக் காட்சிகளுக்கெல்லாம் பூர்வீக வீடு என்று சொல்லத்தக்க ஓர் இடத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம். பாரிஸில் இருக்கும் மூலான் ரூஜ். நம்மில் நிறைய பேருக்கு அது 2001-ல் வந்த நிக்கோல் கிட்மேன் படம் வழியாகத்தான் தெரியும். அந்தப் படத்தின் கதாநாயகி கற்பனை. நான் சொல்லப் போவது நிஜமாகவே அங்கே ஆடி, அந்த இடத்துக்குப் பெயர் வாங்கித் தந்த ஒரு பெண்ணைப் பற்றி. கூடவே ஒரு கேள்வி: ஓர் அரங்கத்தின் புகழ் யாருடைய சொத்து?

முதலில் இடம். பிரெஞ்சில் மூலான் என்றால் ஆலை, ரூஜ் என்றால் சிவப்பு. பாரிஸின் வடக்கே மோன்மார்த் என்று ஒரு குன்று. அங்கே ஒரு காலத்தில் நிஜமான காற்றாலைகள் இருந்தன, மாவு அரைத்தன. 1860-ல்தான் அந்தக் கிராமத்தைப் பாரிஸ் நகரத்தோடு சேர்த்தார்கள். வாடகை கம்மி, ஒயின் விலை கம்மி. அதனால் சலவைத் தொழிலாளிகள், தையல்காரர்கள், கையில் காசில்லாத ஓவியர்கள் எல்லாரும் அங்கேதான் குடியிருந்தார்கள். சாயங்காலம் ஆனால் நடனக் கூடங்களுக்குப் போவார்கள்.

இந்தக் குன்றின் அடிவாரத்தில் 1889 அக்டோபர் 6 அன்று மூலான் ரூஜ் திறக்கப்பட்டது. வாசலில் சிவப்பாக ஒரு காற்றாலை. அது ஒரு மணி தானியம்கூட அரைத்ததில்லை, சும்மா அலங்காரம். வடிவமைத்தவர் அடோல்ஃப் வில்லெத் என்ற ஓவியர்.

வருஷத்தைக் கவனியுங்கள். 1889. பிரெஞ்சுப் புரட்சிக்கு நூறு வருஷம். ஈஃபில் கோபுரம் திறந்த வருஷம். உலகக் கண்காட்சிக்காக ஊரே நிரம்பி வழிந்தது. அந்த நேரம் பார்த்துக் கடை விரித்தவர்கள் இரண்டு பேர்: ஜோசப் ஒல்லேர், சார்ல் ஸிட்லேர். ஒல்லேர் சாதாரண ஆள் இல்லை. குதிரைப் பந்தயத்தில் ‘டோட்’ என்கிறார்களே, எல்லாருடைய பந்தயப் பணத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஜெயித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறை, அதைக் கொண்டுவந்ததே அவர்தான்.

இவர்கள் போட்ட கணக்கு எளிமையானது. ஏழைகளின் ஆட்டபாட்டத்தைப் பார்க்கப் பணக்காரர்களுக்கு ஆசை. ஆனால் குன்றின் மேலே இருட்டுச் சந்துகளுக்குள் போகப் பயம். சரி, நடனத்தைக் கீழே கொண்டுவருவோம், பளிச்சென்று மின்விளக்குப் போடுவோம், டிக்கெட் வைப்போம். பின்பக்கத் தோட்டத்தில் கண்காட்சியிலிருந்து வந்த ஒரு பிரம்மாண்டமான யானை பொம்மை வேறு. அதன் வயிற்றுக்குள்ளேயே தனியாக ஒரு நிகழ்ச்சி நடக்கும்.

எல்லாம் சரி, மேடையில் என்ன காட்டுவது? கான்கான்.

கான்கான் என்றால் வரிசையாக நின்று ஒரே மாதிரி காலைத் தூக்குவது என்றுதான் நமக்குப் பதிந்திருக்கிறது. அந்த வடிவம் பிற்பாடு வந்தது. 1830-கள் வாக்கில் பாரிஸின் சாதாரண ஜனங்கள் ஜோடி ஜோடியாக ஆடிய ஒரு நடனம், நடுவில் ஆளாளுக்கு இஷ்டப்படி துள்ளிக் குதிக்க ஆரம்பித்ததில் பிறந்தது இது. பெண்கள் பாவாடையை அள்ளிக்கொண்டு காலைத் தலைக்கு மேலே வீசினார்கள். அந்தக் காலத்து உள்ளாடைகள் நடுவில் தைக்காமல் திறந்தே இருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், போலீஸ் ஏன் பதறியது என்று புரியும். உள்ளாடை ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கவே ஒருவர் நடனக் கூடங்களைச் சுற்றிவருவார். ஜனங்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘நாணத்தின் தந்தை’.

இப்போது நம் ஆளிடம் வருவோம். பெயர் லூயிஸ் வெபெர். பிறந்தது 1866. சலவைத் தொழிலாளியின் மகள், தானும் சலவைக்கடையில் வேலை பார்த்தவள். வெளுக்க வந்த வாடிக்கையாளர்களின் நல்ல உடைகளை ராத்திரி உடுத்திக்கொண்டு நடனக் கூடத்துக்குப் போவாள் என்று சொல்வார்கள். மேஜைகளுக்கு நடுவே ஆடிக்கொண்டே போகும்போது வாடிக்கையாளர்களின் கிளாஸில் இருப்பதை எடுத்துக் குடித்துவிடுவாள். அதனால் ‘லா கூலூ’ என்று பெயர் விழுந்தது. பெருந்தீனிக்காரி என்று அர்த்தம். இன்னொரு வித்தையும் அவளுக்குப் பிரபலம்: எதிரே நிற்கும் கனவானின் தொப்பியைக் கால் விரலாலேயே தட்டிவிடுவாள். யோசித்துப் பாருங்கள், ஒரு சலவைக்காரப் பெண் ஒரு பெரிய மனுஷரின் தலையில் இருப்பதைக் காலால் தட்டிவிடுகிறாள். அவர் கை தட்டுகிறார்.

மூலான் ரூஜ் திறந்ததும் அவள்தான் அதன் நட்சத்திரம். 1891-ல் அரங்கத்துக்கு ஒரு விளம்பரச் சுவரொட்டி தேவைப்பட்டது. அந்த வேலை அங்கேயே பழியாகக் கிடந்த ஒரு வாடிக்கையாளரிடம் போனது. அவர் ஓவியர் துலூஸ் லோத்ரெக். பிரபு குடும்பத்தில் பிறந்தவர், சிறு வயதில் இரண்டு தொடை எலும்பும் முறிந்து கால்கள் வளராமல் நின்றுபோனவர். அதுதான் அவருடைய முதல் சுவரொட்டி. நடுவில் காலைத் தூக்கி ஆடும் லா கூலூ. முன்னால் சாம்பல் நிழலாக அவளுடைய ஜோடி வாலந்தான், எலும்பில்லாதவர் என்று பெயர் எடுத்தவர். பின்னால் பார்வையாளர்கள் வெறும் கறுப்பு உருவங்கள், ஒருவருக்கும் முகம் இல்லை. நம் சினிமாவுக்கு நேர் எதிர் பாருங்கள்: இங்கே பார்ப்பவர்களுக்கு முகமில்லை, ஆடுகிறவளுக்குப் பெயர் இருக்கிறது. மேலே அரங்கத்தின் பெயர், அதோடு அவளுடைய பெயர். பாரிஸ் சுவர்களெல்லாம் அது ஒட்டப்பட்டது. ஓவியர், ஆட்டக்காரி, அரங்கம், மூன்று பேருக்கும் ஒரே அடியில் புகழ்.

அந்தப் புகழில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது சீக்கிரமே பிரச்சினையானது. ஒரு வேடிக்கையான உதாரணம் சொல்கிறேன். 1892-லிருந்து அங்கே ஜோசப் புஜோல் என்று ஒருவர் நிகழ்ச்சி நடத்தினார். மார்சேய் ஊர் ரொட்டிக்காரர். அவருடைய கலை என்ன தெரியுமா? குசு விடுவது. சிரிக்காதீர்கள். விதவிதமான சத்தங்கள், பின்பக்கத்தாலேயே மெழுகுவர்த்தியை அணைப்பது என்று முழு நிகழ்ச்சி. கூட்டம் அலைமோதியது. ஒருநாள் கஷ்டத்தில் இருந்த ஒரு நண்பரின் கடைக்குக் கூட்டம் சேர்க்க அங்கே வித்தையைக் காட்டிவிட்டார். அரங்கம் அவர் மேல் வழக்குப் போட்டது. அதாவது, உடம்பு உன்னுடையது, ஆனால் அதிலிருந்து வருகிற சத்தம் எங்களுடையது! கடைசியில் அவர் விலகிப் போய்ச் சொந்தமாக அரங்கம் வைத்துக்கொண்டார்.

லா கூலூவும் 1895-ல் விலகினாள். வயது 28. பாரிஸில் அதிகச் சம்பளம் வாங்கும் கலைஞர்களில் ஒருத்தி. பெயர் என்னுடையது, கூட்டம் எனக்காக வருகிறது, நானே முதலாளியாக இருக்கலாமே என்று ஒரு சந்தைத் திருவிழாவில் சொந்தக் கொட்டகை போட்டாள். முகப்புக்கு ஓவியம் வேண்டும் என்று லோத்ரெக்குக்குக் கடிதம் எழுதினாள். ஏறத்தாழ 3 மீட்டர் அளவில் இரண்டு பெரிய துணி ஓவியங்களை அவர் வரைந்து கொடுத்தார். ஒன்றில் மூலான் ரூஜில் ஆடிய பழைய லா கூலூ, இன்னொன்றில் கொட்டகையில் ஆடும் புதிய லா கூலூ. வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டும் நிற்கிறார்.

கொட்டகை ஓடவில்லை. மூலான் ரூஜில் மேஜைக்குப் பக்கத்திலேயே ஆடியவளைப் பார்க்கக் காசு கொடுத்தவர்கள் சந்தைக்கு வரவில்லை. அதன்பின் சிங்கங்களைப் பழக்கிக் காட்சி நடத்தினாள். அதுவும் நிலைக்கவில்லை. 1923-ல் மகன் இறந்துபோனான். கடைசியில் நகரத்துக்கு வெளியே குப்பை பொறுக்குபவர்கள் வாழ்ந்த பகுதியில் ஒரு வண்டி வீட்டில் குடியிருந்தாள். 1928-ல் ஜார்ஜ் லகோம்ப் எடுத்த ‘லா ஸோன்’ என்ற மௌனப் படத்தில் சில நொடிகள் அவளைப் பார்க்கலாம். அந்த வருஷங்களில் மூலான் ரூஜுக்குப் பக்கத்திலேயே கடலை, சிகரெட், தீப்பெட்டி விற்றாள். போகிறவர் வருகிறவர் நிறைய பேருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. 1929 ஜனவரியில் இறந்தாள்.

அந்தக் கொட்டகை ஓவியங்கள்? 1926-ல் ஒரு வியாபாரி அவற்றைத் துண்டு துண்டாக வெட்டிவிட்டார், துண்டாக விற்றால் அதிகக் காசு. அவள் இறந்த அதே 1929-ல் பிரெஞ்சு அரசு அருங்காட்சியகங்கள் அவற்றை வாங்கித் திரும்ப ஒட்டவைத்தன. இன்று ஓர்சே அருங்காட்சியகத்தில் தொங்குகின்றன. தையல் போட்ட தடம் தெரியும்.

இந்தக் கதையைப் பெரும்பாலும் எப்படிச் சொல்கிறார்கள் தெரியுமா? தலைக்கனம், குடி, வீழ்ச்சி. ‘ஓஹோ என்று ஆடினாள், கடைசியில் கடலை விற்றாள்.’ நமக்கும் பழக்கமான கதைதான். நம் சினிமாவில் கிளப் டான்ஸ் ஆடிய நடிகைகளைப் பற்றி ‘கடைசிக் காலத்தில் இந்த நிலைமையா’ என்று எத்தனை வீடியோ தலைப்புகள்!

எனக்கு அந்தக் கதை ஒப்பவில்லை. ஒல்லேர் 1893-ல் ஒலிம்பியா என்று இன்னோர் அரங்கம் திறந்தார். அதைத் தொழில் திறமை என்கிறோம். இரண்டு வருஷம் கழித்து அதே காரியத்தை லா கூலூ செய்தாள். அதைத் தலைக்கனம் என்கிறோம். அவளுடைய கணக்கு தப்பாகப் போனது உண்மை. ஆனால் அது முட்டாள்தனமான கணக்கு இல்லை. அவளிடம் இல்லாதது கட்டடம், பணம், தோற்றால் மறுபடி எழுந்து நிற்க ஒரு பிடிமானம். திறமை அவளிடம் இருந்தது. இடம் அவர்களிடம் இருந்தது.

இடம் எத்தனை தடவை விழுந்தாலும் எழுந்துகொள்ளும். 1915-ல் மூலான் ரூஜ் தீப்பிடித்து எரிந்தது, போருக்குப் பிறகு திரும்பக் கட்டினார்கள். நடுவில் கொஞ்ச காலம் சினிமா தியேட்டராகவும் இருந்தது. 1944-ல் எதித் பியாஃப் அங்கே பாடினார். இன்று சுமார் 850 பேர் உட்காரும் அரங்கு, ராத்திரிக்கு இரண்டு காட்சி. 2024 ஏப்ரல் 25 அன்று அதிகாலை காற்றாலையின் இறக்கைகள் கழன்று தெருவில் விழுந்தன. நல்ல வேளை, யாருக்கும் காயமில்லை. ஒலிம்பிக்குக்கு முன்னால் சரிசெய்தாக வேண்டும் என்று ஜூலை 5-க்குள் புது இறக்கைகள் மாட்டிவிட்டார்கள். பத்தே வாரம்!

லா கூலூவுக்கு எத்தனை காலம் ஆனது? முதலில் அவளை நகரத்துக்கு வெளியே பாந்தான் கல்லறையில் புதைத்தார்கள். 63 வருஷம் கழித்து, 1992-ல்தான் அவளுடைய எலும்புகளை மோன்மார்த் கல்லறைக்குக் கொண்டுவந்தார்கள். மூலான் ரூஜிலிருந்து நடந்து போகிற தூரம்தான். கல்லறைக் கல்லில் கான்கானை உருவாக்கியவள் என்று பொறித்திருக்கிறார்கள். அவளுக்கு முன்பே அது ஆடப்பட்டது என்று மேலே சொன்னேன், வரலாற்றுப்படி அது சரியில்லை. ஆனாலும் அந்த ஒரு மிகையை அவளுக்குக் கொடுக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த முறை ஏதாவது காபிக் கடைச் சுவரில் அந்தச் சிவப்பு, மஞ்சள் சுவரொட்டியின் நகலைப் பார்த்தால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். அரங்கத்தின் பெயருக்கு அடுத்து என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள். அது அவள் பெயர்.