ஹைபிரிட் கார் திடீர்னு 'ஆன்' ஆகலையா? பெரிய பேட்டரி மேல பழி போடாதீங்க... சின்ன பேட்டரியை வீட்டிலேயே செக் பண்றது எப்படி?

திருவட்டாறில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலை மூணு மணி. வளைகுடாவில் இருந்து வரும் மகனை அழைத்துவர திருவனந்தபுரம் விமான நிலையம் போகணும். டிரைவர் வந்தாச்சு. ஆனால் ரெண்டு மாசமா ஷெட்டில் நின்ற ஹைபிரிட் கார் சாவிக்குப் பதிலே சொல்லவில்லை. கதவு திறக்கலை, லைட் எரியலை. உள்ளே இருக்கும் இயந்திரச் சாவியை வைத்துக் கதவைத் திறந்து ஸ்டார்ட் பட்டனை அமுக்கினால், டேஷ்போர்டில் கலர் கலராக எச்சரிக்கை விளக்குகள் மின்னி அணைகின்றன.

அடுத்து யாராவது ஒருத்தர் சொல்லும் வசனம் இதுதான்: "அண்ணே, ஹைபிரிட் பேட்டரி போச்சுன்னு நினைக்கேன். லட்சக்கணக்குல ஆகும்."

பெரும்பாலும் அப்படி இருக்காது. படுத்துக் கிடப்பது ஒரு சாதாரண 12 வோல்ட் பேட்டரியாகத்தான் இருக்கும். அதைச் சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்றை வைத்து வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம். எப்படி? வாங்க பார்க்கலாம்.

ஒரு காரில் எதுக்கு ரெண்டு பேட்டரி?

டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா, இன்னோவா ஹைகிராஸ், ஹோண்டா சிட்டி இ:எச்இவி... 2022-க்குப் பிறகு இந்தியச் சாலைகளில் 'ஸ்ட்ராங் ஹைபிரிட்' கார்கள் பரவலாகக் கண்ணில் படத் தொடங்கின. இவை எல்லாவற்றிலும் ரெண்டு பேட்டரி உண்டு. ஒன்று, சக்கரத்தைச் சுற்றும் மோட்டாருக்கான உயர் அழுத்த பேட்டரி. ஹைரைடரிலும் கிராண்ட் விட்டாராவிலும் அது லித்தியம் அயன், அழுத்தம் 170 வோல்ட்டுக்கு மேல். ஹைகிராஸில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை.

இன்னொன்று, லைட், ஹாரன், கதவுப் பூட்டு, கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் 12 வோல்ட் துணை பேட்டரி. இது 1859-ல் பிரான்ஸின் காஸ்டன் பிளாண்டே கண்டுபிடித்த அதே ஈய-அமில சமாச்சாரத்தின் வாரிசு. எவ்வளவு நவீன காராக இருந்தாலும் அதை எழுப்பிவிடுவது இந்தப் பழைய ஆள்தான்!

காரை ஆஃப் செய்ததும் பெரிய பேட்டரியின் இணைப்பை ரிலேக்கள் துண்டித்துவிடும். அது பாதுகாப்புக்காக. மறுபடி அந்த ரிலேக்களை மூட வேண்டும் என்றால் 12 வோல்ட் மின்சாரம் வேணும். பேச்சிப்பாறை அணை நிறைந்தே நிற்கலாம். மதகைத் திறக்க ஆள் இல்லை என்றால் கால்வாய் வறண்டுதான் கிடக்கும். அதே கதைதான் இங்கேயும். பெரிய பேட்டரி முழுக்க சார்ஜோடு இருந்தாலும், சின்னது படுத்துவிட்டால் கார் அசையாது.

ஏன் முன்கூட்டியே தெரிவதில்லை?

சாதாரண பெட்ரோல் காரில் பேட்டரி வீக் ஆனால் சாவியைத் திருப்பும்போதே தெரிந்துவிடும். 'கிர்ர்... கிர்ர்...' என்று ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்து சுற்றும். "இந்த வாரம் பேட்டரிய மாத்திரணும்" என்று அப்போதே முடிவு பண்ணிடலாம்.

ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் அந்தச் சத்தத்துக்கே இடமில்லை. இன்ஜினைச் சுழற்றி எழுப்புவது பெரிய பேட்டரியில் ஓடும் மோட்டார். 12 வோல்ட் பேட்டரியின் வேலை கம்ப்யூட்டரை எழுப்புவதும் ரிலேயை மூடுவதும் மட்டுமே. பாதி செத்த பேட்டரியாலும் இதைச் செய்ய முடியும். அதனால் நேற்று சாயங்காலம் வரை ஒழுங்காக ஓடிய கார், இன்றைக்குக் காலையில் கல்லு மாதிரி நிற்கும். வீட்டிலேயே அவ்வப்போது செக் செய்யணும் என்பதற்கு இதுதான் காரணம்.

ஒரு சின்ன வேறுபாடு: மாருதியின் 'ஸ்மார்ட் ஹைபிரிட்' போன்ற மைல்டு ஹைபிரிட் கார்கள் வேறு ரகம். அவற்றில் ஈய-அமில பேட்டரிதான் இன்ஜினை ஸ்டார்ட் செய்வதிலும் பங்கெடுக்கிறது. எனவே பழைய அறிகுறிகள் அங்கே ஓரளவு தெரியும்.

முதலில் சாவியைப் பாருங்க

மீட்டரை எடுக்கும் முன் ஒரு விஷயம். கார் திறக்கவில்லை என்றால் ரிமோட் சாவிக்குள் இருக்கும் பட்டன் செல் தீர்ந்திருக்கவும் வாய்ப்புண்டு. சாவிக்குள் ஒளிந்திருக்கும் இயந்திரச் சாவியால் கதவைத் திறந்து, ரிமோட்டை ஸ்டார்ட் பட்டன் மேல் ஒட்டிப் பிடித்து, பிரேக்கை மிதித்து அமுக்கிப் பாருங்கள். பல மாடல்களில் கார் எழுந்துவிடும். அப்படி எழுந்தால் செலவு ஒரு பட்டன் செல்லோடு முடிந்தது. உள்லைட்டே மங்கலாக எரிந்தால்தான் 12 வோல்ட் பேட்டரி மேல் சந்தேகம்.

மல்டிமீட்டர் வைத்து பார்ப்பது எப்படி?

துணை பேட்டரி எங்கே இருக்கு என்பதைக் காரோடு வந்த புத்தகத்தில் பாருங்கள். சில கார்களில் பானட்டுக்குள், சிலவற்றில் டிக்கியில், சிலவற்றில் பின்சீட்டுப் பக்கம். பின்னால் பேட்டரி உள்ள பல மாடல்களில் பானட்டுக்குள் ஃபியூஸ் பெட்டியில் சிவப்பு மூடி போட்ட பிளஸ் முனை ஒன்று கொடுத்திருப்பார்கள். அங்கேயும் அளக்கலாம். பேட்டரி செத்தால் மின்சாரப் பூட்டு உள்ள டிக்கியும் திறக்காது. அந்த முனையை முன்னால் வைத்திருப்பது அதற்காகத்தான்.

ஆரஞ்சு நிற ஒயர் எங்கே தெரிந்தாலும் கை வைக்காதீங்க. அது உயர் அழுத்த லைன். உயிருக்கே ஆபத்து. இந்தக் கட்டுரையில் சொல்லும் எந்த வேலைக்கும் அந்த ஒயரைத் தொட வேண்டியதே இல்லை.

காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்னால் அளப்பதுதான் சரி. ஓடி நின்ற உடனே அளந்தால் மேலோட்டமான சார்ஜ் காரணமாக அளவு கூடுதலாகக் காட்டி ஏமாற்றும். இன்னொரு சிக்கல், கதவைத் திறந்த உடனே காரின் கம்ப்யூட்டர்கள் விழித்துக்கொண்டு மின்சாரம் இழுக்க ஆரம்பிக்கும். அதனால் பானட்டைத் திறந்து வைத்து, கதவுகளைச் சாத்திவிட்டு, சாவியை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, ஒரு 20 நிமிடம் காத்திருங்கள். ஒரு டீ குடிக்கிற நேரம்.

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு முனை பிளஸ், கறுப்பு மைனஸ். மீட்டரில் சிவப்பு ஒயர் 'ஆம்பியர்' துளையில் மாட்டியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அப்படியே பேட்டரியில் வைத்தால் நேரடி ஷார்ட் சர்க்யூட். மீட்டர் கருகும், கையும் சுடும். புதிதாக வாங்குபவர்கள் செய்யும் பெரிய தப்பு இதுதான்.

12.6 முதல் 12.8 வரை வந்தால் நல்ல சார்ஜ். 12.4 வந்தால் பரவாயில்லை, ஆனால் வண்டியை ஓட்டி சார்ஜ் ஏற்றணும். 12.2 என்றால் சுமார் பாதி காலி. 12-க்குக் கீழே போயிருந்தால் பேட்டரி பட்டினி கிடக்கிறது. எந்த நாள் வேண்டுமானாலும் காலை வாரும். சிகரெட் லைட்டர் துளையில் மாட்டும் மீட்டர்களும் கிடைக்கின்றன. ஆனால் காரை பாதி ஆன் செய்தால்தான் அவை வேலை செய்யும் என்பதால் அளவு கொஞ்சம் குறைத்தே காட்டும்.

அடுத்தது லோடு டெஸ்ட். பிரேக்கை மிதிக்காமல் ஸ்டார்ட் பட்டனை ரெண்டு தடவை அமுக்கினால் பல மாடல்களில் 'ரெடி' விளக்கு வராமலேயே மீட்டர் எல்லாம் எரியும். ஹெட்லைட்டையும் போட்டு ரெண்டு நிமிடம் விடுங்கள். இப்போது மொத்தச் சுமையும் சின்ன பேட்டரி மேல்தான். 12 வோல்ட்டுக்குப் பக்கத்திலோ மேலேயோ நிதானமாக நின்றால் ஆள் தெம்பாக இருக்கிறார். கிடுகிடுவென 11.5-க்குக் கீழே இறங்கினால் உள்ளே சரக்கு இல்லை. ரெண்டு நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். சோதனையே பேட்டரியைக் காலி செய்துவிடும்.

கடைசியாக, பிரேக்கை மிதித்து காரை 'ரெடி' நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஹைபிரிட்டில் ஆல்டர்னேட்டர் கிடையாது. பெரிய பேட்டரியின் மின்சாரத்தைக் குறைத்து சின்னதுக்கு ஊட்டுவது டிசி-டிசி கன்வெர்ட்டர். அது வேலை செய்தால் மீட்டர் 13.5 முதல் 14.5 வரை ஏறி நிற்கணும். 'ரெடி'யிலும் 12 சொச்சத்திலேயே நின்றால் புது பேட்டரி வாங்கிப் பிரயோஜனம் இல்லை. கோளாறு கன்வெர்ட்டரிலோ ஃபியூஸிலோ இருக்கலாம். அது சர்வீஸ் சென்டர் வேலை.

குறைவா காட்டினா மாத்திடணுமா?

அவசரம் வேண்டாம். காலியான பேட்டரி வேறு, கெட்டுப்போன பேட்டரி வேறு. முதலில் முழுசாக சார்ஜ் ஏற்றுங்கள். மறுநாள் காலையில் திரும்ப அளந்து, லோடு டெஸ்டும் செய்யுங்கள். தாக்குப்பிடித்தால் பேட்டரி மேல் தப்பில்லை. வண்டி சும்மா நின்றதுதான் காரணம். ராத்திரி 12.6 இருந்தது காலையில் 12.2 ஆகிவிட்டால், ஒன்று பேட்டரி கிழம், இல்லை ஏதோ ஒன்று மின்சாரம் திருடுகிறது. பின்னால் பொருத்திய டேஷ்கேம், ஜிபிஎஸ் டிராக்கர் முதல் சந்தேக நபர்கள். காருக்குப் பக்கத்திலேயே சுவரில் தொங்கும் ஸ்மார்ட் சாவியும் சில மாடல்களில் வண்டியைத் தூங்கவிடாது.

இதற்கு ஒரு கணக்கு போடலாம். காரை லாக் செய்து வைத்தாலும் அலாரம், பூட்டு எல்லாம் சேர்ந்து 30 மில்லிஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-அவர். ஒரு மாதத்துக்கு 21.6. பேட்டரியின் கொள்ளளவே 45 என்றால், ஒரே மாதத்தில் ஏறக்குறைய பாதி காலி. ரெண்டு மாதம் நின்றால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

வோல்ட் நன்றாகக் காட்டியும் கொள்ளளவு குறைந்துபோன பேட்டரிகள் உண்டு. மூணு, நாலு வருஷம் ஆன பேட்டரி என்றால் பேட்டரி கடையில் உள்ள டிஜிட்டல் டெஸ்டரில் ஒருமுறை பாருங்கள். அதில் பேட்டரி வகையைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ஏஜிஎம் வகை பேட்டரியை சாதாரண வகை என்று போட்டு சோதித்தால் முடிவு தப்பாக வரும்.

முனைகளில் வெள்ளை அல்லது நீலப் பச்சையாகப் பூத்திருந்தால் அதையும் கவனியுங்கள். ரெண்டு பருவமழையும் வாங்கும் ஊர் திருவட்டாறு. ஈரப்பதம் அதிகம். கிளாம்பைச் சுத்தம் செய்து இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினாலே தீரும் பிரச்சனைகளும் உண்டு.

வண்டி ரொம்ப நாள் நிக்குதா?

2020 லாக்டவுனில் உலகம் முழுக்க இதே தலைவலி வந்தது. அப்போது டொயோட்டாவின் பிரிட்டன் பிரிவு ஹைபிரிட் உரிமையாளர்களுக்குச் சொன்ன வழி: வாரம் ஒருமுறையாவது, ஹேண்ட் பிரேக் போட்டு, சுமார் ஒரு மணி நேரம் 'ரெடி' நிலையில் விடுங்கள். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இதை எழுதி சாவிக் கொத்தோடு மாட்டிவைக்கலாம். பாட்டு கேட்க மட்டும் ஆன் செய்யும் நிலையில் சார்ஜ் ஏறாது; உள்ளதும் போகும். 'ரெடி' எரியணும், அதுதான் கணக்கு.

ஆனால் மூடிய ஷெட்டுக்குள் இதைச் செய்யவே கூடாது. 'ரெடி'யில் சத்தமே இல்லாமல் நிற்கும் கார், தேவைப்படும்போது தானாக இன்ஜினை ஓட்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. வண்டியை முற்றத்துக்கு எடுத்துவிட்டுச் செய்யுங்கள். 'ரெடி'யில் வைத்துவிட்டு, சின்னப் பிள்ளைகளைக் காருக்குள் விட்டு நகரவும் கூடாது.

அந்த விடியற்காலை என்ன செய்வது?

பக்கத்து வீட்டு பெட்ரோல் காரில் இருந்தோ, கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டரில் இருந்தோ உயிர் கொடுக்கலாம். எழுப்புவதற்குக் கொஞ்சம் மின்சாரமே போதும். சிவப்பு ஒயரை முதலில் உங்கள் காரின் பிளஸ்ஸில், பிறகு உதவும் காரின் பிளஸ்ஸில். கறுப்பை உதவும் காரின் மைனஸில், மறுமுனையை உங்கள் காரில் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில். சிவப்பும் கறுப்பும் மாறினால் ஃபியூஸும் கம்ப்யூட்டரும் காலி. சின்ன செலவு பெரிய செலவாகிவிடும். அதேபோல உங்கள் ஹைபிரிட்டை வைத்து மற்றவர் வண்டியை எழுப்பப் போகாதீங்க. பல நிறுவனங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை.

மாற்றும்போது ஏமாறாமல் இருக்க

'ஹைபிரிட் பேட்டரி போச்சு' என்று யாராவது சொன்னால், எந்த பேட்டரி என்று கேளுங்கள். டொயோட்டா, மாருதி, ஹோண்டா மூன்றுமே இந்த ஸ்ட்ராங் ஹைபிரிட் கார்களின் பெரிய பேட்டரிக்கு இந்தியாவில் 8 வருஷம் அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி தருகின்றன. 12 வோல்ட் பேட்டரி அதில் சேராது. அதன் விலையும் ஆயிரங்களில்தான்.

பேட்டரி டிக்கியிலோ சீட்டுக்கு அடியிலோ இருந்தால் இன்னும் ஒரு கவனம் வேணும். சார்ஜ் ஆகும்போது வரக்கூடிய ஹைட்ரஜன் வாயு காருக்குள் தங்காமல் இருக்க ஒரு மெல்லிய குழாய் வெளியே போகும். விலை குறைவு என்று அந்தக் குழாய்க்கு வசதி இல்லாத சாதாரண ஆசிட் பேட்டரியை வைத்துவிடுகிறவர்கள் உண்டு. ஓடும், ஆனால் வாயு உங்களோடு காருக்குள் பயணம் செய்யும். பழையதில் என்ன வகை, என்ன ஆம்பியர் என்று போட்டிருக்கோ அதையே கேட்டு வாங்குங்கள். குழாய் திரும்ப மாட்டப்பட்டதா என்று குனிந்து பாருங்கள்.

மாற்றியபின் கடிகாரம், பவர் விண்டோவின் ஆட்டோ வசதி எல்லாம் மறந்துபோயிருக்கலாம். அது கோளாறு இல்லை, திரும்ப செட் செய்தால் போதும். பழைய பேட்டரியை ரப்பர் தோட்டத்து ஓரத்தில் போட்டுவிடாதீங்க. 2022 பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி அதை வீட்டுக் குப்பையோடு சேர்க்காமல், சேகரிப்பவர் அல்லது மறுசுழற்சி செய்பவரிடம் ஒப்படைக்க வேண்டும். புதுசு வாங்கும் கடையிலேயே கொடுத்தால் உள்ளே இருக்கும் ஈயத்துக்கு விலையும் கழித்துத் தருவார்கள். பில்லில் அந்தத் தொகை தனியாக வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.